பெல்ட் இருக்கா?

போன வருஷம் வரை என் உயரம் ஐந்தடி ஆறங்குலம். இப்போது ஐந்தடி ஐந்து. அந்த ஓர் அங்குலம் வயசால் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தையால் போனது. முதுகெலும்பில் அடிபட்டு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு, முக்கியமாக என்னைப்போல் கைலிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டுகிற எங்கள் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு, இது உதவும் என்று மைமூன் சொன்னதால் எழுதுகிறேன். மைமூன் என் மனைவி. நான் முட்டாள்தனம் செய்த இடங்களை விடாமல் எழுத வேண்டும் என்று நிபந்தனை போட்டதும் அவள்தான்.

எனக்கு ஐம்பத்து நாலு வயது. ஊர் தொண்டி. இருபத்தோரு வருஷம் வளைகுடாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு மூன்று வருஷத்துக்கு முன்பு ஊரோடு வந்துவிட்டேன். வெளிநாட்டில் இருந்து வந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் நாலு பேர் நம்பினார்கள். அந்த நாலு பேரில் நானும் ஒருவன்.

விழுந்த கதை ஒரு வரிதான். காலையில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன், மாடித் தொட்டி நிறைந்து படியெல்லாம் தண்ணீர், அதைப் பார்க்கப் போன நான் நாலாவது படியில் வழுக்கி அப்படியே உட்கார்ந்த நிலையில் கீழே வந்தேன். வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டில் மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. முதுகில் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அதனால் கைதான் பெரிய அடி, முதுகு சும்மா பிடிப்பு என்று நானே தீர்மானித்தேன்.

மைமூனின் தம்பி காதர் பரமக்குடியில் துணிக்கடை வைத்திருக்கிறான். அன்றைக்கு ஏதோ வேலையாகத் தொண்டிக்கு வந்திருந்தவன், என்னைத் தன் வண்டியில் படுக்கவைத்து ராமநாதபுரத்தில் ஓர் எலும்பு வைத்தியரிடம் கொண்டுபோனான். எக்ஸ்ரே எடுக்கும் அறையில் இரும்புப் பக்கிள் இருக்கிறது என்று என் பெல்ட்டைக் கழற்றி மைமூனிடம் கொடுத்தார்கள். அவள் அதைச் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வைத்தியர் மட்டும் என்னை அந்தப் பெல்ட்டோடு பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

அந்தப் பெல்ட்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சாண் அகலம் இருக்கும், அரபு நாட்டுக்குப் போன காலத்தில் இருந்து எங்கள் ஆட்களுக்கு அது உடம்போடு ஒட்டியது. கைலி நழுவாமல் பிடிக்கும். முன்னால் இரண்டு பை இருக்கும், அதில் கண்ணாடி, சாவி, மாத்திரை எல்லாம் அடங்கும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர என் இடுப்பை விட்டு அது இறங்கியதில்லை. அதை இன்னொருத்தர் தொடவும் விடமாட்டேன்.

வைத்தியர் படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். மணிக்கட்டில் மயிரிழை விரிசல். அதற்கு ஸ்பிளிண்ட் போட்டுவிட்டார். உள்ளே வளைந்த அலுமினியத் தகடு, மேலே துணி, ஒட்டிக்கொள்கிற மூன்று பட்டை. கையை அசைய விடாமல் பிடித்துக்கொள்ளும், விரல்கள் மட்டும் வெளியே நிற்கும். பிறகு முதுகுப் படத்துக்கு வந்தார். இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு, எல்-ஒன் என்று அதற்குப் பெயர், முன்பக்கம் கொஞ்சம் அமுங்கியிருந்தது. விழுந்த வேகத்தில் மேல் உடம்பின் பாரம் முழுவதும் அந்த ஓர் எலும்பில் இறங்கினால் இப்படி நசுங்குமாம். கம்ப்ரஷன் ஃப்ராக்சர் என்றார்.

"பயப்படாதீங்க பாய், ஆபரேஷன் வேண்டாம். மூணு மாசம் பெல்ட் போட்டாப் போதும். முன்னாடியே முதுகுவலி உண்டுன்னு சொன்னீங்களே, ஏற்கெனவே பெல்ட் இருக்கா?"

"இருக்கு சார். இருபது வருசமாப் போடுறேன். அது இல்லாம நான் வாசல் தாண்டுறதில்ல."

"ரொம்ப நல்லது. அதையே நல்லா டைட்டாப் போடுங்க. படுத்துக்கிட்டே போட்டுட்டுத்தான் எந்திரிக்கணும். குனியக் கூடாது."

வெளியே வாசலில் அடுத்த ஆள் காத்திருந்தார். வைத்தியர் சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் கேட்டது முதுகுப் பட்டை. நான் சொன்னது என் பச்சை பெல்ட். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

கைக்குப் போட்டதை அவர் ஸ்பிளிண்ட் என்றார், முதுகுக்குப் போடுவதைப் பெல்ட் என்றார். ஒரே மாதிரிச் சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்பிளிண்ட் வைத்தியச் சாமான், பெல்ட் என் சாமான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வண்டியில் வரும்போதே மைமூனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தேவிபட்டினம் தாண்டும்போது கேட்டாள்.

"ஏங்க, அவுக சொன்னது இந்தப் பெல்ட்டத்தானா? எதுக்கும் ஒருவாட்டி காட்டிக் கேட்டுருவமே."

"நீ சும்மா இரு. இருபத்தோரு வருசம் வெளிநாட்டுல இருந்தவனுக்குப் பெல்ட்டுன்னா என்னன்னு நீ சொல்லித் தாரியா?"

அவள் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் நான் முன்மாதிரி நோயாளியாக இருந்தேன். காலையில் படுத்தபடியே இடது கையால் பெல்ட்டை இழுத்து, ஸ்பிளிண்டுக்கு வெளியே நிற்கும் விரல்களால் கடைசி ஓட்டையில் மாட்டுவேன். மூச்சு முட்டும், வயிறு பிதுங்கும், அதுதான் வைத்தியம் என்று பொறுத்துக்கொள்வேன். விசாரிக்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்சும் கொண்டுவந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, பெல்ட்டைத் தட்டிக் காட்டி, "ஆபரேஷன் கேஸு இது. இந்தப் பெல்ட்டுதான் காப்பாத்துது" என்பேன். இதுவா அந்தப் பெல்ட் என்று ஒருத்தராவது கேட்கவேண்டுமே. வந்தவர்களில் பாதிப் பேர் அதே பெல்ட்டைக் கட்டியிருந்தார்கள், தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். வலி குறையவில்லை. முதுகில் முன்பு இல்லாத ஒரு புடைப்பு கைக்குத் தட்டுப்பட்டது. எலும்பு கூடுகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நாலாவது வெள்ளிக்கிழமை, நாற்காலியில் உட்கார்ந்தாவது ஜும்ஆ தொழுதுவிட வேண்டும் என்று பள்ளிவாசலுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். தொழுகை முடிந்து வெளியே வந்து, வெயிலில் மெதுவாக வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் இருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பாய், செருப்ப அங்கன விட்டுட்டுப் போறீகளே."

குனியக் கூடாது என்பதால் தலையை மட்டும் தாழ்த்திப் பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்காலாகத் தார் ரோட்டில் நின்றது. திரும்பிப் பார்த்தால் இருபதடி தள்ளி நடுரோட்டில் என் இடது செருப்பு கிடந்தது. பகல் இரண்டு மணித் தார் ரோடு. ஆடு மாடுகூட ஓரமாக மண்ணில் ஒதுங்கி நடக்கிற நேரம். என் இடது பாதம் அந்தத் தாரில் பதிந்து நின்றது, எனக்கு எதுவுமே தெரியவில்லை. சூடு தெரியவில்லை. தரை தெரியவில்லை. காலைத் தேய்த்துப் பார்த்தேன், யாரோ ஒருத்தர் காலை நான் தேய்ப்பது போல் இருந்தது. அப்படியே நின்றுவிட்டேன். செருப்பை எடுத்து வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். பாதத்தைத் திருப்பிப் பார்த்தபோது ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது.

காதர் வருவதற்குள் அக்கம்பக்கத்தில் ஒரு வண்டி பிடித்து ராமநாதபுரம் போனோம். வைத்தியர் என் பாதத்தை ஊசியால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். பிறகு, "பெல்ட்டைக் காட்டுங்க" என்றார். சட்டையைத் தூக்கினேன்.

அவர் முன்னால் சாய்ந்தார். பச்சை பெல்ட்டைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த பேனாவை மேசையில் வைத்தார்.

"இதையா போட்டிருந்தீங்க? மூணு வாரமும்?"

"இருக்குன்னு சொன்னேனே சார்."

அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "என் தப்பு பாய். நான் பார்த்திருக்கணும்" என்றார். வைத்தியர் ஒருத்தர் தன் தப்பு என்று சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை. அவர் அப்படிச் சொன்னதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. புதுப் படத்தைப் பழைய படத்தின் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தில் எலும்பு லேசாக அமுங்கிய பெட்டி மாதிரி இருந்தது. இரண்டாவதில் முன்பக்கம் பாதிக்குமேல் காணோம், ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. மைமூன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அன்று சாயந்திரமே ஆம்புலன்ஸில் மதுரைக்கு ஏற்றினார்கள். பரமக்குடியில் காதர் ஏறிக்கொண்டான். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் மதுரை வரை என் கொப்புளக் காலைப் பிடித்தபடியே வந்தான்.

மதுரையில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எலும்பை மட்டும் இல்லாமல் நரம்பையும் காட்டுகிற படம் அது. குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், காதுக்குள் யாரோ தகரத்தைத் தட்டுவது போல் சத்தம். படத்தைப் பார்த்த பெரிய வைத்தியர் நிதானமாகச் சொன்னார். நசுங்கிய எலும்பின் பின் மூலை உள்ளே தள்ளி, காலுக்குப் போகிற நரம்புக் கட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நரம்பு அமுங்கியிருக்கிறது, அறுபடவில்லை. சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று மூன்று தடவை கேட்டார். அது நின்றால் உடனே கத்தி வைக்க வேண்டுமாம். எனக்குப் போனது.

"இப்போதைக்கு உணர்ச்சிதான் போயிருக்கு, பலம் இருக்கு. கால் கட்டைவிரலைத் தூக்க முடியுதான்னு நாலு மணிக்கொரு தடவை பார்ப்போம். தூக்குற வரைக்கும் பிரேஸ், அதாவது முதுகுக்கு ஒரு சட்டம், போட்டுப் பார்க்கலாம். விரல் தொங்கிப்போச்சுன்னா ஆபரேஷன் தியேட்டர்தான்."

"தியேட்டருக்குப் போனா நடந்துருவாரா சார்?" என்று காதர் கேட்டான்.

"வாய்ப்பு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு என் உலகம் இடது கால் கட்டைவிரலுக்குள் சுருங்கிவிட்டது. நர்ஸ் நாலு மணிக்கொரு தடவை வந்து, "தூக்குங்க பாய்" என்பார். மைமூன் மணிக்கொரு தடவை கேட்பாள். எழுந்து உட்காரக் கூடாது, தானாகப் புரளக் கூடாது. நாலு பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையை உருட்டுவது போல் மொத்தமாக உருட்டுவார்கள். மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டே விரலைத் தூக்குவேன். அது எழும்புகிறதா என்று எனக்குத் தெரியாது, மைமூனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் முகம் மாறியது.

"ஏங்க, தூக்குங்க."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எங்க தூக்குறீக. அது அசையவே இல்ல."

அவள் ஓடினாள். நர்ஸ் வந்தார், டூட்டி டாக்டர் வந்தார், காதரிடம் கையெழுத்து வாங்க ஒரு தாள்கூட வந்துவிட்டது. நான் தூக்கு தூக்கு என்று என் காலுக்கு மனசுக்குள் கட்டளை போட்டுக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது, துடைக்கக் கை எழவில்லை. டூட்டி டாக்டர் வந்ததும் போர்வையை விலக்கினார். விரல் டக்கென்று எழுந்து நின்றது. ஏ.சி. குளிருக்குப் பாதத்தை மூடி, போர்வையை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் சொருகியிருந்தாள் மைமூன். அதை மீறி விரல் எழும்பவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். மைமூன் மட்டும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று வாரத்துக்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள்.

அடுத்த நாள் ஸ்ட்ரெச்சரில் பிரேஸ் செய்கிற அறைக்குக் கொண்டுபோனார்கள். ஆர்த்தோடிஸ்ட் என்று ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அங்கேதான் தெரியும். உடைந்த எலும்பு வேலை செய்யாத காலத்துக்கு, உடம்புக்கு வெளியே ஓர் எலும்பு செய்து கொடுப்பவர் என்று சொல்லலாம். வரிசையில் பெருவிரலுக்கு மட்டும் ஸ்பிளிண்ட் போட்ட பரமக்குடி நெசவுக்காரர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பட்டை போட்ட பெண் ஒருத்தி, தோளில் இருந்து முழங்கை வரை சட்டம் மாட்டிய கல்லூரிப் பையன் ஒருத்தன். இத்தனை விதம் இருக்கிறது, இவை எல்லாவற்றுக்கும் ஊரில் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் பெல்ட்.

எனக்குச் செய்தவர் பெயர் செல்வி, திருவாடானைப் பக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் என்றதும் மைமூன் முழுக் கதையையும் அவரிடம் கொட்டிவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பெல்ட்டு இருக்கா லாத்தா? காட்டுங்க."

லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. மைமூன் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தாள். செல்வி அதை இழுத்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"நல்ல பெல்ட்டுதான் பாய். கைலியப் பிடிக்கும், எலும்பப் பிடிக்காது. உங்க எலும்பு உடைஞ்சது இதுக்கு மேல. இத இறுக்க இறுக்க நீங்க முன்னால வளைஞ்சிருக்கீங்க. வளைய வளைய எலும்பு நசுங்கிருக்கு."

பிறகு தன் கையாலேயே காட்டினார். நெஞ்செலும்பில் ஒரு கை, அடிவயிற்றுக்குக் கீழே ஒரு கை, இரண்டும் பின்னால் தள்ள வேண்டும். முதுகில் மூன்றாவது இடம், அது முன்னால் தள்ள வேண்டும். மூன்றும் சேர்ந்தால் உடம்பு குனியாது, பாரம் எலும்பின் முன்பக்கம் இறங்காது. என் உடம்பில் மெல்லிய பனியன் துணியைப் போட்டு, நனைந்த மாக்கட்டுத் துணியைச் சுற்றி, முன்னும் பின்னுமாக அச்சு எடுத்தார். மறுநாள் அந்த அச்சில் சூடாக்கிய பிளாஸ்டிக்கை வார்த்துக் கொண்டுவந்தார். முன் ஓடு, பின் ஓடு, பக்கத்துக்கு மூன்று பட்டை. மாட்டியதும் கடலாமை மாதிரி இருக்கிறேன் என்று காதர் சொன்னான். அதற்குள் அவனுக்குக் கேலி திரும்பி வந்திருந்தது.

போகும்போது செல்வி சொன்னது நினைவில் இருக்கிறது. "பெல்ட்டு கட்டுற ஊருக்காரங்ககிட்ட இனி நான் பெல்ட்டுன்னு சொல்ல மாட்டேன் பாய். ஓடுன்னு சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று மாதம் அந்த ஓடுதான். தானாகப் புரளக் கூடாது, வலது கையிலும் இன்னும் பிடிப்பு வரவில்லை, விலாப் பக்கத்துப் பட்டையை என்னால் இழுக்க முடியாது. காலையில் மைமூன் என்னை ஒருக்களித்து உருட்டி, பின் ஓட்டை அடியில் வைத்து, திரும்ப மல்லாத்தி, முன் ஓட்டை மூடி, ஆறு பட்டையையும் கட்டுவாள். இரவு கழற்றி, விலாவில் எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். அப்படிச் சிவந்து அழுத்தமாக நின்றால் தோல் புண்ணாகிவிடும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் இருபத்தோரு வருஷம் நான் அவள் பக்கத்தில் இல்லை. என் முதுகை அவள் இவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் பார்த்தது இப்போதுதான். ஓட்டின் மேல்பக்கம் மார்க்கரில் "மேல" என்றும் கீழ்ப்பக்கம் "கீழ" என்றும் பெரிதாக எழுதியிருந்தாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

"இந்தத் தடவ எழுதியே வச்சுட்டேன். பேசாம திரும்புங்க."

அன்றைக்குத்தான் அவளிடம் கேட்டேன், அன்று வண்டியில் நீ சொன்னதைக் கேட்காமல் போனேனே, உனக்குக் கோபம் இல்லையா என்று. பட்டையை இழுத்துக்கொண்டே, "இருக்கு. நடந்து காட்டுங்க, அப்புறம் படுறேன்" என்றாள்.

கால் நடந்தது. பலம் இருந்தது. ஆனால் இடது பாதத்தில் உணர்ச்சி வரவில்லை. செருப்பு கழன்றால் தெரியாது என்பதால், பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கித் தந்தாள். நான் நடக்கும்போது என் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வருவாள்.

மூன்று மாதம் முடிந்து ராமநாதபுரம் வைத்தியரிடம் போனோம். கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நாள். அங்கே செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எலும்பு கூடிவிட்டது, ஆப்பு வடிவத்திலேயே கூடிவிட்டது, போன உயரம் திரும்பாது என்றார். பாதத்தை ஊசியால் தொட்டார். சில இடத்தில் ஏதோ தொட்டது போலவும் தொடாதது போலவும் இருந்தது. "நரம்பு மெதுவாத்தான் வரும் பாய். வராமலும் போகலாம். என்னால உறுதி சொல்ல முடியாது" என்றார். இன்னும் இரண்டு வாரத்தில் ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றலாம் என்று சொல்லி அனுப்பினார்.

சீட்டுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரே என் வயதுக்காரர் ஒருத்தர், பெரியபட்டினத்துக்காரர், படகில் இருந்து விழுந்தவர், சுவரைப் பிடித்தபடி நின்றார். உள்ளே போய் வந்துவிட்டார் போலிருக்கிறது. புதிதாக வந்த கம்பவுண்டர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பெல்ட்டுன்னு போட்டிருக்கு. பெல்ட் இருக்கா?"

அவர் சட்டையை லேசாகத் தூக்கினார். உள்ளே பச்சை தெரிந்தது.

"இருக்கே."

"அப்பச் சரி" என்று கம்பவுண்டர் சீட்டை நீட்டினார்.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது, எழுந்து போய் அந்தச் சீட்டைப் பிடுங்கினேன். கம்பவுண்டர் என்னவோ கத்தினார். நான் என் சட்டைப் பொத்தானைப் பிய்க்காத குறையாகத் திறந்து, பிளாஸ்டிக் ஓட்டை விரல் முட்டியால் தட்டிக் காட்டினேன். "இது பெல்ட்டு. அது இல்ல. இத வாங்காம நீங்க இங்கன இருந்து போகக் கூடாது" என்றேன். பெரியபட்டினத்துக்காரர் மிரண்டுபோய் மைமூனைப் பார்த்தார். மைமூன் வந்து, "அவுக சொல்றதக் கேளுங்கண்ணே. நாங்க கேக்காம வந்தவுக" என்றாள். சத்தம் கேட்டு வைத்தியரே வெளியே வந்து அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

வாசலுக்கு வந்தேன். செருப்புகள் நிழல் போய் நேர் வெயிலில் கிடந்தன. மைமூன் குனிந்து என் இடது காலைப் பிடித்து, செருப்புக்குள் நுழைத்து, வாரை மாட்டப் போனாள். நான் காலை வெடுக்கென்று இழுத்தேன்.

"என்னங்க?"

"சுடுது மைமூன்."

அவள் குனிந்த நிலையிலேயே அண்ணாந்து பார்த்தாள். என் வலது கால் இன்னும் வாசற்படி நிழலில்தான் இருந்தது. அவளுக்கு அது தெரியும், இடது காலை அவள்தான் கையில் பிடித்திருந்தாள். இருந்தும் கேட்டாள்.

"எந்தக் காலு?"